அடையில் உட்கார்ந்தது யார்?

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வீட்டு ஐயா இருந்தார். அவருடைய காரியக்காரர் இருந்தார். கீழத்தெருவிலிருந்து அஞ்சலையும் அவளோடு பதினொரு பெண்களும் வந்திருந்தார்கள். நான் இருந்தேன்.

இல்லாதவர்கள் மூன்று. எனக்கு உத்தரவு சொல்ல வேண்டிய மேலதிகாரி இல்லை. அவர் அரியலூரில் ஆபீசில் இருந்தார். அதே கீழத்தெரு மருதாயி இல்லை. அடைக்கு வைக்க அவளிடம் ஒரு முட்டையும் இல்லாததால், நமக்கு அங்கே என்ன வேலை என்று அவள் வரவில்லை. மூன்றாவதாக, அந்த முட்டைகளுக்குத் தாயாக இருந்திருக்க வேண்டிய கோழி இல்லை. அந்தத் தெருவில் ஒரு கோழிகூட உயிரோடு இல்லை. அதனால்தான் நாங்கள் அத்தனை பேரும் ஒரு மரப்பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வயதாகி ஓய்வு பெறுகிறவன் அல்ல. யுத்த காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று எங்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, எங்களையும் முடித்துவிட்டார்கள். மீசை சரியாகக் கறுக்கும் முன்னே பழைய ஆள் ஆகிவிட்டேன். பரவாயில்லை. விளக்குத் திரியை எப்படி வெட்டுவது, முட்டையை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அங்கே சொல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு என்று பார்ப்பதற்கு முன்னால், பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த ஊர் ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே, முந்திரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. தை மாதத்தில் அங்கே வெள்ளைக் கழிச்சல் வந்து கோழிகளை அள்ளிக்கொண்டு போயிற்று. காலையில் மேய்ந்த கோழி மாலையில் கழுத்தைத் தொங்கப்போட்டது. கழிச்சல் ஓய்ந்த பிறகு நான் போனபோது தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. வெளியூரிலிருந்து முட்டை வாங்கி வரலாம். அதன்மேல் உட்கார்ந்து அடைகாக்கக் கோழி வேண்டுமே? கோழி இல்லாமல் விளக்குச் சூட்டிலேயே முட்டை பொரிக்கும் எங்கள் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண்களுக்குக் கோழி என்றால் என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கீழத்தெருவில் எல்லாமே வாரம். நிலம் பெரிய வீட்டினுடையது. விளைச்சலில் பாதி அங்கே போகும். பசு பெரிய வீட்டினுடையது. வளர்ப்பவளுக்கு ஒரு கன்று என்றால் வீட்டுக்கு ஒரு கன்று. ஆடும் அப்படித்தான். கோழி ஒன்றுதான் வாரத்தில் சேராதது. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அவளுடைய சிறுவாடு. புருஷன்கூட அதில் கைவைக்க மாட்டான். அஞ்சலை என்னிடம் இப்படிச் சொன்னாள்:

"இந்தத் தெருவுல எது நடந்து போனாலும் அது பெரிய வூட்டுதுங்க தம்பி. கொக்கரிச்சுக்கிட்டுப் போனா மட்டும் அது எங்களுது."

என் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் வாரத்துக்கு ஏர் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அஞ்சலை சொன்னதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அஞ்சலை திருமானூர்ப் பக்கத்திலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய், தவிட்டுக்குள் முட்டைகளைப் புதைத்து, பஸ்ஸில் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மற்ற பெண்களும் ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். எந்த முட்டை யாருடையது என்று தெரிய வேண்டுமே? ஒவ்வொருத்தியும் கரியால் ஓர் அடையாளம் போட்டாள். ஒருத்தி கோடு, ஒருத்தி புள்ளி. அஞ்சலை பிறைநிலா வரைந்தாள்.

ஆபீசில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: மண்ணெண்ணெய் விளக்கு எரியும் பெட்டியைக் கூரை வீட்டில் வைக்கக் கூடாது, ஓட்டு வீட்டில் பொறுப்பான ஆளிடம் வைக்க வேண்டும். நியாயமான பேச்சுத்தான். ஓலைக்கூரைக்குக் கீழே விளக்கு வைத்தால் தெருவே எரிந்துபோகும். ஓட்டு வீடு ஊரில் ஒன்றுதான். அதனால் பெட்டி பெரிய வீட்டுக் கூடத்துக்குப் போயிற்று. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. பெட்டிக்கென்று இலாகா ஒதுக்கிய எண்ணெய்ச் சீட்டும் பெரிய வீட்டு ஐயா பேருக்கே போயிற்று.

முதல் நாள் அவர் என்னை, "வாங்க, உக்காருங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். மோர் வந்தது. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். மோரை நான் குடித்து முடிப்பதற்குள், "சரி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அந்த வீட்டில் 'ங்க' எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஊரில் பெட்டிக்குக் கூமுட்டைப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கெட்டுப்போன முட்டையும் மக்கு மனிதனும் நம் பேச்சில் ஒரே சொல் ஆகையால், பெட்டிக்காரனுக்கும் அதே பெயர்தான். கோடை இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று பெண்கள் பயந்தார்கள். அடைகோழிக்குக் கீழே இரும்பும் கரியும் போட்டு வைப்பார்கள் அல்லவா, அதுபோலப் பெட்டிக்குள்ளும் போட வேண்டும் என்றார்கள். வேறு பொருள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது விதி. நான் ஓர் ஆணியும் ஒரு கரித்துண்டும் வைக்கச் சொன்னேன். ஆணி சூட்டைக் கெடுக்காது. அவர்கள் நம்பிக்கை கெட்டால் அடுத்த முறை முட்டையே வராது. இதற்காக யாராவது உங்களைக் கேலி செய்தால் செய்துகொள்ளட்டும்.

முட்டைக்குள் குஞ்சு அசையத் தொடங்கிய சமயம். வெதுவெதுப்பான நீரில் முட்டையை விட்டால் உயிர் உள்ளது லேசாகத் துடித்து ஆடும். அதைப் பார்க்கத்தான் அந்தச் சித்திரை மாத நடுப்பகலில் பெண்களைக் கூடத்துக்கு அழைத்திருந்தேன். பிறை போட்ட முட்டை ஒன்று தண்ணீரில் குலுங்கியதும் அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ஐயா உள்ளேயிருந்து வந்தார்.

"என்னிக்குக் குஞ்சு வரும்?"

"இன்னும் மூணு நாலு நாளுங்க ஐயா."

"வந்ததும் பாதிய எண்ணி உள்ள வுட்டுரு."

எனக்குப் புரியவில்லை. "எதுலங்க பாதி?"

"என்னப்பா கேள்வி? அடை வாரம்."

அடை வாரம் என்பது அந்த ஊர் வழக்கம். உன் முட்டையை என் கோழி அடைகாத்தால், பொரித்த குஞ்சில் பாதி எனக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கோழி மூன்று வாரம் முட்டையிடாமல், சரியாக மேயாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நஷ்டத்துக்கு ஈடு அது. இதுவரை பெண்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்ட கணக்கு. இப்போது முதல் முறையாகப் பெரிய வீட்டு வாசலுக்கு வந்தது.

"ஐயா, பெட்டி சர்க்காருதுங்க. எண்ணெயும் சர்க்கார் சீட்டுதான்" என்றேன்.

"கூடம் யாருது? ராவும் பகலும் வெளக்கப் பாத்துக்கிட்ட ஆளு யாருது?"

"ஆபீசுக்கு எழுதி வாடகை வாங்கித் தரேனுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாடகை வாங்குற வூடாடா இது? எங்கிட்ட வந்து வாடகை பேசுறியா? வாரந்தான் மொற. எங்க அப்பாரு காலத்துலேருந்து மொற."

அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வாடகை அவருக்கு உண்மையாகவே அவமானம். பாதி எடுப்பது மரியாதை. இப்படி நினைக்கிற நல்ல மனிதர்கள் பலரை இந்த வேலையில் பார்ப்பீர்கள்.

அப்போதுதான் அஞ்சலை பேசினாள். குரலை உயர்த்தவில்லை. வழக்கைத் தெளிவுபடுத்திக்கொள்கிறவள் மாதிரித்தான் கேட்டாள்.

"அடை வாரம் மொறதானுங்க. இல்லன்னு யாரு சொன்னா? அடையில உக்காந்தவளுக்குப் பாதி குடுக்கணும்." பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஐயாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "ஐயா எப்பங்க உக்காந்தீங்க?"

 முதலில் ஒருத்திக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. அடுத்தவள் அவளைக் கிள்ளப் போய்த் தானும் சிரித்தாள். பதினொரு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். காரியக்காரர் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் ஆடியது. நானும் சிரித்தேன். சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஓய்" என்றார் ஐயா காரியக்காரரிடம். "வெளக்க அமத்தும்."

காரியக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து விளக்கை ஊதி அணைத்தார்.

"பாதின்னு ஒத்துக்கிட்டா எரியும். இல்லன்னா அத்தனையும் கூமுட்டதான். எடுத்துட்டுப் போறதுன்னா எடுத்துட்டுப் போ" என்றார் ஐயா.

பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கோடு போட்ட முட்டைக்காரி மெதுவாக, "பாதியாச்சும் மிஞ்சட்டும் தம்பி. ஒத்துக்குங்களேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பாதியில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அது நஷ்டமாகத் தெரியாது. கடைசி வாரத்தில் பெட்டியை அசைக்கக் கூடாது என்று எங்கள் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதுவும் சரியான விதிதான். ஒத்துக்கொண்டால் அன்றைக்குப் பாதிக் குஞ்சு நிச்சயம். ஆனால் பெட்டி போகும் ஊரிலெல்லாம் அந்தப் பாதியும் கூடவே போகும். வாரமில்லாமல் தெருவில் மிஞ்சியிருந்த ஒரே உயிருக்கு வாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கூமுட்டைப் பெட்டிக்காரன் என்று ஆகும்.

வெப்பமானியை உருவி எடுத்து முற்றத்து நிழலுக்குப் போனேன். கத்தரி வெயில். பெட்டிக்குள் எந்தக் கோட்டில் நின்றதோ, ஏறக்குறைய அதே கோட்டில் வெளியிலும் பாதரசம் நின்றது. அந்த வெயிலுக்கு என் வாழ்நாளில் முதல்முறையாக நன்றி சொன்னேன். பொழுது சாயும் வரைக்கும் விளக்கு வேண்டாம். அதற்குள் வேறு சூடு தேட வேண்டும்.

உள்ளே வந்து பெண்களிடம் சொன்னேன். "முட்டை உங்களது. தூக்கிட்டுப் போனா எல்லாமே போயிடலாம். போகாமலும் இருக்கலாம். நீங்கதான் சொல்லணும்."

அஞ்சலை மற்றவர்களைப் பார்க்காமலே பெட்டியைத் திறந்தாள். "கூமுட்டையாப் போனாலும் என் கூமுட்டையாப் போவட்டும்" என்று சொல்லிப் பிறை போட்டவற்றை மடியில் கட்டினாள். பிறகு புள்ளிக்காரி, பிறகு மற்றவர்கள். கோட்டுக்காரியும் எடுத்துக்கொண்டாள்.

விளக்கிலிருந்த எண்ணெயை அவர் வீட்டுப் பாத்திரத்திலேயே ஊற்றினேன். அது சர்க்கார் எண்ணெய்தான். ஆனாலும் ஒரு சொட்டும் நான் கொண்டுபோனதாகப் பேச்சு வரக் கூடாது. பெட்டியைத் தூக்க அந்த வீட்டு ஆள் யாரும் கிட்ட வரவில்லை. சட்டையைக் கழற்றிச் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

"படிச்சும் தலையிலதான் சொமக்குற" என்றார் ஐயா.

"பழக்கப்பட்ட தலைதானுங்க ஐயா" என்றேன்.

வெயிலில் நேராக நடந்தால் முட்டை வெந்துவிடும். முந்திரிக்காட்டு நிழலிலேயே சுற்றிக்கொண்டு போனோம். ஒருத்தியும் ஓடவில்லை, ஒருத்தியும் பேசவில்லை. நிறைமாதக்காரிகள் மாதிரி மடியைத் தாங்கிக்கொண்டு பன்னிரண்டு பேர் வரிசையாக நடந்ததை நான் மறக்கப்போவதில்லை.

பெட்டியை அஞ்சலை வீட்டு மண்தரையில் வைத்தோம். ஓலைக்கூரைக்குக் கீழே விளக்கு ஏற்ற முடியாது என்ற விதியை மட்டும் நான் மீறவில்லை. வாசலுக்கு வெளியே கல் கூட்டி அடுப்பு. முந்திரிச் சருகு எரித்து வெந்நீர். சின்ன மண்கலயங்களில் ஊற்றி, துணி சுற்றி, பெட்டிக்குள் வைப்பது. ஆறினால் எடுத்து அடுத்ததை வைப்பது. என் கையில் வெப்பமானி. அவர்கள் அதைக் காய்ச்சக் குச்சி என்றார்கள். குச்சி இறங்கினால் கலயம் மாறும், ஏறினால் மூடி திறக்கும். கழனி வேலைக்குப் போய் வந்தவர்கள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். முட்டை வைக்காத மருதாயி எல்லோரையும்விட அதிகம் உட்கார்ந்தாள். சருகு பொறுக்கினாள், தண்ணீர் சுமந்தாள், கலயம் மாற்றினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குஞ்சு வந்தது. எல்லாம் வரவில்லை; சில குஞ்சுகள் முட்டை ஓட்டைக் கொத்திய பிறகு உள்ளேயே அடங்கிவிட்டன. ஒருத்தியின் முட்டைகள் பெரும்பாலும் கெட்டுப்போயின. ஆனால் வந்தவை நிறைய. பிறை போட்டவையும் நன்றாகவே பொரித்தன. அஞ்சலை தன் குஞ்சுகளைக் கூடையில் அள்ளும்போது மருதாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடி போற? என் வாரம் எங்க?"

"என்ன வாரம்?"

"அடை வாரம். அடையில உக்காந்தவளுக்குப் பாதின்னு பெரிய வூட்டுல போய்ப் பேசுனியாமே? உக்காந்தது நான்தான?"

அஞ்சலை கூடையை இறுக்கிப் பிடித்தாள். "அது வந்து... அவருக்குச் சொன்னதுடி."

"ஓகோ. ஐயாவுக்கு ஒரு மொற, மருதாயிக்கு ஒரு மொறயா?"

தெருவே சிரித்தது. இந்த முறை அஞ்சலையும் சிரித்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான் எண்ணினாள், ஆனால் சரியாகப் பாதி எண்ணினாள். மற்றவர்களும் தங்களுடையதில் பாதியை எடுத்து நடுவில் விட்டார்கள். கலயம் மாற்றியவர்களும் சருகு சுமந்தவர்களும், முட்டை வைக்க வழியில்லாதவர்களும், முட்டை கெட்டுப்போனவளும் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். "கோழிசாரும் உக்காந்துச்சுல்ல" என்று சொல்லி எனக்கும் ஒன்றைக் கையில் வைத்தார்கள். சர்க்கார் ஊழியன் அன்பளிப்பு வாங்கக் கூடாது. அது அன்பளிப்பு அல்ல, வாரம். வாங்கிக்கொண்டேன்.

ஒரு பாதியைக் காப்பாற்றப் போய் அதே பாதியைத்தானே கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆபீசிலும் கேட்டார்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மேலதிகாரி ஜீப்பில் வந்து குஞ்சுகளைப் பார்த்தார். "பொரிச்சது வேற விஷயம். பெரிய மனுஷனப் பகைச்சது வேற விஷயம்" என்றார். நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். முட்டைக்காரர்களின் சம்மதத்தோடு பெட்டியை இடம் மாற்றினேன் என்று எழுதினேன். வருத்தம் எழுதவில்லை. என்னைப் பெரம்பலூர்ப் பக்கம் மாற்றினார்கள். எனக்கு அது சொந்த ஊர். தண்டனை கொடுத்தவர்களுக்கு அது தெரியவில்லை.

பெரிய வீட்டு ஐயா குஞ்சைப் பற்றி அதன் பிறகு பேசவே இல்லை. நான் மாற்றலாகிப் போகும் முன்னே ஊர்க்கூட்டம் கூட்டினார். வழக்கு குஞ்சு அல்ல, சிரிப்பு. பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்ததற்குத் தெண்டம். சொன்னவளுக்கு ஐந்து ரூபாய், சிரித்தவர்களுக்கு ஆளுக்கு எட்டணா. தீபாவளி வரை தவணை. எட்டணா என்பது அவர்களுக்குப் பல நாள் கூலி. காரியக்காரர் கூட்டத்தில்தான் இருந்தார். அவர் தோள் குலுங்கியதற்கு யாரும் விலை போடவில்லை.

அஞ்சலை எழுந்து கும்பிட்டாள். "கட்டிட்டா, அப்புறம் இன்னொரு தரம் சிரிச்சுக்கலாமுங்களா?"



தீபாவளிக்கு முன் சேவல்களை ஜெயங்கொண்டம் சந்தையில் விற்று, ஊர்க்கூட்டத்தில் பணம் கட்டினார்கள். சேதி தெரிந்து நானும் பஸ் ஏறிப் போனேன். பதினொரு பேரும் எட்டணா வைத்தார்கள். அஞ்சலை ஐந்து ரூபாயையும் ஒரே நோட்டாக மாற்றி வைத்திருந்தாள். சில்லறையாகக் கொடுத்தால் கஷ்டப்பட்டுச் சேர்த்த மாதிரி தெரியும் என்றாள். நானும் எட்டணா வைத்தேன்.

"சர்க்கார் ஆளுக்குத் தெண்டம் கெடையாது" என்றார் ஐயா.

"நானும் சிரிச்சேனுங்க" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மருதாயி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நீதான் அன்னிக்கி அங்க இல்லியே" என்றார் காரியக்காரர்.

"இல்லீங்க. சேதி கேட்டு வூட்டுல சிரிச்சேன். எம் பங்கையும் சேத்துக்குங்க."

மொத்தம் பதினோரு ரூபாய் எட்டணா.